விரல் நுழையும் விரிசல்

நியூயார்க்கிலிருந்து வடக்கே கிளம்பும் பஸ் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நியூ பால்ட்ஸ் என்ற கல்லூரி ஊரில் இறக்கிவிடுகிறது. பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த ஹியூகனாட்டுகள் 1678இல் உண்டாக்கிய ஊர். அவர்கள் வழிவந்தவர்கள் கட்டிய கல் வீடுகள் சில இன்னமும் நிற்கின்றன. வால்கில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் இருபுறமும் வயலும் ஆப்பிள் தோட்டமும்தான். மேற்கே பார்த்தால் பச்சை மலையின் முதுகில் நீளத்துக்கு ஒரு வெளிறிய சுவர் தெரியும். அதுதான் ஷவாங்கங்க் மலைத்தொடர். பாறையேறுகிறவர்கள் அவ்வளவு சிரமப்படுவதில்லை, 'கங்ஸ்' என்று முடித்துவிடுகிறார்கள்.

கொடைக்கானல் பார்த்த கண்ணுக்கு இது மலையே இல்லை. தொடரின் மிக உயர்ந்த இடம்கூட 700 மீட்டரைத் தொடாது. நாங்கள் போன டிராப்ஸ் சுவரின் உயரம், நிறைய இடங்களில், இருபது மாடிக் கட்டடத்துக்கும் குறைவு. ஆனால் இந்தக் குட்டைச் சுவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏறுபாதைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர், தர எண், முதலில் ஏறியவர் யார், எந்த வருடம் என்கிற ஜாதகம் உண்டு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பாறையேற்றம் என்று பேச்செடுத்தால் இந்த இடத்தைத் தொடாமல் பேச்சு முடியாது.

என்னை இங்கே இழுத்து வந்தவள் தங்கை மகள். நியூ ஜெர்சியில் கணினி வேலை. சனிக்கிழமையானால் கயிறும் இரும்புச் சாமானும் கிலுகிலுக்கும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். "ஒரு தடவை வந்து பாருங்க பெரியம்மா, அப்புறம் அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க இது ஆபத்தில்லைன்னு" என்றாள். தூது போகிறவளின் தகுதியைச் சோதிக்காமல் அனுப்புவது அந்தக் குடும்பத்து வழக்கம். அக்டோபர் நடுவில் போனோம். மேப்பிள் சிவந்து, ஓக் பழுப்பேறத் தொடங்கியிருந்தது.

நுழைவிடத்தில் காசு கேட்டார்கள். நடப்பவருக்கு ஒரு கட்டணம், பாறையேறுபவருக்கு அதைவிடச் சற்று அதிகம். இது அரசாங்கக் காடு இல்லை. மோஹாங்க் பிரிசர்வ் என்கிற, லாப நோக்கமில்லாத தனியார் அமைப்பின் நிலம். ஏறத்தாழ 8,000 ஏக்கர். வனத்துறை வாசலில் கடிதத்தோடு நின்று பழகிய நமக்கு, இயற்கையைத் தனியார் வைத்துக்கொண்டு டிக்கெட் கிழிப்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். எனக்கும் உறுத்தியது. சாயங்காலம்வரை அந்த உறுத்தலோடுதான் சுற்றினேன்.

இந்த நிலத்தின் கதை ஆல்பர்ட், ஆல்ஃபிரட் ஸ்மைலி என்ற இரட்டைச் சகோதரர்களிடம் தொடங்குகிறது. குவேக்கர் சபைக்காரர்கள். 1869இல் ஆல்பர்ட் மோஹாங்க் ஏரியையும் சுற்றியுள்ள மலையையும் வாங்கி, கரையில் ஒரு விடுதி நடத்தினார். குடி கூடாது, சீட்டாட்டம் கூடாது, நடனம் கூடாது. இத்தனை 'கூடாது'களுக்குப் பிறகும் கூட்டம் வந்தது என்றால் ஏரியின் அழகைத்தான் சொல்ல வேண்டும். விடுதி வளர்ந்து கோபுரமும் கூரையுமாக ஒரு கோட்டைபோல இன்றும் நடக்கிறது. விருந்தினர்கள் குதிரை வண்டியில் உலாவுவதற்காகக் குடும்பம் மலையெங்கும் சரளைப் பாதைகள் போட்டது. 1963இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, குடும்பத்து நிலத்தில் பெரும்பகுதியைப் பிறகு அதற்கு ஒதுக்கினார்கள். அதுவே பின்னால் மோஹாங்க் பிரிசர்வ் ஆனது. வண்டிப்பாதைகளில் இப்போது நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள், பனிக்காலத்தில் ஸ்கீயிங் போகிறார்கள்.

பக்கத்து மினவாஸ்கா ஏரிக்கு இத்தனை சுலபமாக விடியவில்லை. 1980களில் அங்கே பெரிய ஹோட்டலும் கோல்ஃப் மைதானமும் கட்டத் திட்டம் வந்தது. உள்ளூர்க்காரர்கள் வருடக்கணக்கில் வழக்காடிப் போராடிய பிறகு 1987இல் நியூயார்க் மாநிலம் அந்த நிலத்தை வாங்கியது. இன்று அது மாநிலப் பூங்காவின் பகுதி.

பாறையைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் இந்த இடத்தின் சூட்சுமம் புரிகிறது. தூரத்தில் வழவழப்பாகத் தெரிந்த சுவரில், கடலை மிட்டாயில் கடலை பதிந்திருப்பதுபோல வெள்ளைக் கூழாங்கற்கள் நெருக்கமாகப் பதிந்திருக்கின்றன. 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், சிலூரியன் காலத்தில், கிழக்கே இருந்த மலைகளிலிருந்து ஆறுகள் உருட்டிக் கொண்டுவந்து கொட்டிய குவார்ட்ஸ் கல் அது. அதை இறுக்கிய பசையும் சிலிக்காதான். அதனால் மழையும் பனியும் லேசில் கரைக்க முடியாத கடினம். இதற்கு அடியில் இருப்பதோ நொறுங்குகிற ஷேல். அடி அரிக்க அரிக்க, மேலே உள்ள பாறை பாளம் பாளமாகப் பிளந்து விழுந்து செங்குத்துச் சுவர் உருவாயிற்று. படிவு படிந்த வாக்கில் குறுக்கே குறுக்கே விரிசல்கள் ஓடுகின்றன. அங்கங்கே கூரைபோலப் பாறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. விரல் நுழைய விரிசல், மிரட்டுவதற்குக் கூரை. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் கங்ஸ்.

இந்தக் கடினத்தை முதலில் காசாக்கியவர்கள் திரிகைக்கல் கொத்துகிறவர்கள். இந்தப் பாறையில் வெட்டிய திரிகைக் கற்கள் 'ஈசோபஸ்' என்ற பெயரில் ஊர் ஊராகப் போயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரும்பு உருளை மில்கள் வந்ததும் தொழில் படுத்துவிட்டது. டிராப்ஸ் என்ற குக்கிராமத்து ஜனங்கள் கல் கொத்தினார்கள், பீப்பாய்க்கு வளையம் சீவினார்கள், கோடையில் ஹக்கிள்பெரி பழம் பறித்து விற்றார்கள். அவர்கள் வீடுகளில் நிற்பது ஒரு மரக் குடில் மட்டும். மற்றவை காட்டுக்குள் அஸ்திவாரக் கல்லாகக் கிடக்கின்றன. காப்பாற்றப்பட்ட காடு என்றால் மனிதன் கால் படாத காடு என்று எண்ணிக்கொள்கிறோம். இங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ பிழைத்த தடம்.

அண்டர்கிளிஃப் பாதையில் நடக்கிறோம். பெயருக்கேற்ப சுவரின் அடியை ஒட்டிப் போகும் வண்டிப்பாதை. இடப்பக்கம் மரங்களுக்கு மேல் பாறை, வலப்பக்கம் இறங்கிப்போகும் பள்ளத்தாக்கு. மேலிருந்து ஆங்கிலத்தில் குரல்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. கயிறு பிடிக்கிறவரும் ஏறுகிறவரும் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் பதிலும். வார இறுதி என்பதால் பேர்போன பாதைகளின் அடியில் வரிசை. ரேஷன் கடை வரிசையைப் பார்த்து வளர்ந்தவள் நான். பாறைக்கும் வரிசையா என்று சிரித்தால், தங்கை மகள் முறைக்கிறாள்.

எனக்காக அவள் எடுத்தது 5.3 தரத்தில் ஒரு பழைய பாதை. இந்த அளவுகோலில் கயிறு கட்டி ஏறவேண்டியவை 5இல் தொடங்குகின்றன. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் ஏற ஏறக் கஷ்டம் கூடும். உலகத்தில் இப்போது 5.15 வரை போயிருக்கிறார்கள். 5.3 என்பது குழந்தை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்தீர்கள். கங்ஸில் தரம் போட்டவர்கள் கஞ்சர்கள். வேறிடத்தில் 5.7 என்பார்கள், இங்கே கண்ணை மூடிக்கொண்டு 5.5 என்று எழுதிவிடுவார்கள்.

இடுப்பில் ஹார்னஸ், தலையில் ஹெல்மெட், காலில் விரலை மடக்கி நசுக்கும் ரப்பர் ஷூ. அவள் முன்னால் ஏறினாள். அந்தப் பாதையில் முன்கூட்டியே அடித்துவைத்த ஆணி எதுவும் கிடையாது. விரிசலைக் கண்ட இடத்தில் இடுப்பிலிருந்து ஒரு உலோகத் துண்டை எடுத்துச் செருகி, அதில் கேரபினர் என்ற கொக்கி வளையத்தை மாட்டி, கயிற்றைக் கோத்துக்கொண்டு மேலே போனாள். விழுந்தால் பிடிக்கப்போவது அந்தத் துண்டுதான். ஆப்பு வடிவிலிருந்தால் நட். விசையை இழுத்தால் சுருங்கி, விட்டால் விரிந்து விரிசலின் இரு சுவரையும் அழுத்துவது கேம். கீழே நின்று கயிற்றை விட்டுக்கொடுத்தது நான்தான். தங்கைக்கு இதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது.

மேலே போய்ச் சேர்ந்து கயிற்றை இறுக்கிக்கொண்டு என்னை அழைத்தாள். பின்னால் ஏறுகிறவளுக்குக் கயிறு மேலிருந்து வருகிறது. விழுந்தாலும் ஒரு சாண் தொங்குவோம், அவ்வளவுதான். ஆனால் வெறுமனே ஏறிவிட முடியாது. முன்னால் போனவள் செருகியதை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொண்டு போவது என் வேலை. முதல் கேம் லேசாக வந்துவிட்டது. அடுத்தது ஒரு நட். கட்டைவிரல் நக அளவுதான் இருக்கும். கிடைமட்ட விரிசலுக்குள் நுழைந்து, வெளிப்பக்கமாகக் குறுகும் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. இழுத்தால் இன்னும் இறுகுகிறது. இழுப்பைத் தாங்கவென்றே செய்த சாமான் இழுத்தால் எப்படி வரும்? இடது கை நான்கு விரலும் விரிசலில், கால் ஒரு கூழாங்கல் விளிம்பில், வலது கையில் கொக்கி முனையுள்ள தகடு. போன வழியே திருப்பி, உள்ளே தள்ளி, பக்கவாட்டில் நகர்த்தி எடுக்க வேண்டும்.

"பெரியம்மா, கையால தொங்காதீங்க. காலை நம்புங்க."

"கால் நடுங்குதுடீ."

"அதுக்குப் பேரே தையல் மெஷின் கால். எல்லாருக்கும் வரும். குதிகாலை இறக்குங்க, நின்னுடும்."

குதிகாலை இறக்கினேன், நடுக்கம் நின்றது. நட் 'டிக்' என்று வெளியே வந்தது. அந்த விரிசலில் அது இருந்ததற்கு ஒரு கீறல்கூட அடையாளம் இல்லை.

அடையாளம் இல்லாதது தற்செயல் அல்ல, அதற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. இந்தச் சுவர்களைப் பாறையேறுகிறவர்களுக்குக் காட்டிக்கொடுத்தவர் ஃபிரிட்ஸ் வீஸ்னர். டிரெஸ்டனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1935இல் ஹட்சன் ஆற்றோரத்து வேறொரு மலையில் இருந்தபோது, இடிமழை விட்டு வெளுத்த வானத்தில் தூரத்தே இந்த வெள்ளைச் சுவர் பளிச்சிட்டதாம். தேடிக்கொண்டு வந்துவிட்டார். 1939இல் கே2 சிகரத்துக்கு ஆக்சிஜன் இல்லாமல் ஏறி, உச்சிக்கு இருநூற்றுச் சொச்சம் மீட்டர் மிச்சமிருக்கத் திரும்பியவரும் இவர்தான். அந்தப் பயணத்தில் நால்வர் இறந்தார்கள். அதில் மூவர் ஷெர்பாக்கள். அந்தப் பழியும் விவாதமும் அவர் தலைக்கு மேலே கடைசிவரை நின்றன.

அவருடைய கூட்டாளி ஹான்ஸ் கிராஸ் ஒரு மருத்துவர். டிரியஸ்டே நகரத்தில் பிறந்தவர். சிறுவயதில் அவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் ஜேம்ஸ் ஜாய்ஸ். ஜனாதிபதி கென்னடியின் முதுகுவலிக்கு 1961இல் ஊசியை விட்டு உடற்பயிற்சியைக் கொடுத்தவரும் இவரே. கிராஸும், இங்கே பல பாதைகளை ஏறிய பானி புரூடன் என்ற பெண்மணியும் சேர்ந்து, அமெரிக்கப் பிள்ளைகளின் உடல் வலு ஐரோப்பியப் பிள்ளைகளைவிட மிக மோசம் என்று 1950களில் சோதித்துக் காட்டினார்கள். அது அப்போதைய ஜனாதிபதி ஐசன்ஹோவர் காதுவரை போய், இளைஞர் உடல்தகுதிக்கென்று ஒரு கவுன்சிலே பிறந்தது. அமெரிக்கப் பள்ளிகளின் டிரில் பீரியடுக்கு இந்தச் சுவரோடு ஒரு உறவு உண்டு.

வீஸ்னரும் கிராஸும் 1941இல் ஏறிய 'ஹை எக்ஸ்போஷர்' இன்றும் இங்கே ராஜா. தரம் 5.6 மட்டும்தான். ஆனால் நடுவில் ஒரு திட்டிலிருந்து கூரைக்கடியில் போய், எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையை வெளியே நீட்டித் துழாவி, முழு உடம்பையும் வெட்டவெளிக்குத் தள்ள வேண்டும். அடியிலிருந்து பார்த்தேன். ஒரு இளைஞன் அந்தத் திட்டில் வெகுநேரம் நின்றான். பிறகு திடீரென்று அவன் காலுக்குக் கீழே காற்று மட்டும் இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

1950களில் ஒரு மலையேற்றச் சங்கம் யார் முன்னால் ஏறலாம், யார் கூடாது என்று சான்றிதழ் கொடுத்து நாட்டாமை பண்ணிக்கொண்டிருந்தது. அதற்கு எதிராக நியூயார்க் கல்லூரிப் பையன்களும் பெண்களும் ஒரு கும்பலாகக் கிளம்பினார்கள். தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் வல்கேரியன்ஸ். குடி, கூத்து, சங்கத்துப் பெரியவர்களைச் சீண்டுவது, இதற்கிடையில் அசாத்தியமான ஏற்றங்கள். 'ஷாக்லிஸ் சீலிங்' என்ற பாதையில் டிக் வில்லியம்ஸ் ஒட்டுத்துணி இல்லாமல் ஏறிய புகைப்படம் பாறையேற்ற உலகம் முழுக்கப் பிரசித்தம். அந்தப் பாதைக்குப் பெயர் கொடுத்த ஷாக்லி, டிரான்சிஸ்டருக்காக 1956இல் நோபல் வாங்கிய அதே வில்லியம் ஷாக்லி. பிற்காலத்தில் இனம், அறிவு என்று அவர் உளறிய விஷத்தை நினைத்தால், அவர் பெயர் கொண்ட கூரையில் அம்மணமாகப் போனது பொருத்தமான மரியாதை என்றே படுகிறது.

அந்தக் காலத்தில் பாதுகாப்புக்கு இரும்பு பிட்டன். விரிசலில் சுத்தியலால் அடித்து இறக்குவது, பின்னால் வருகிறவர் மறுபடி அடித்துக் கழற்றுவது. ஆள் கூடக் கூட, எவ்வளவு கடினமான பாறையும் உதிர ஆரம்பித்தது. 1970களின் தொடக்கத்தில் ஜான் ஸ்டானர்ட் என்ற இயற்பியல்காரர், அன்றைக்கு மிகக் கடினமான ஏற்றங்களைச் செய்தவர், சுத்தியலைக் கீழே வையுங்கள், கையாலேயே செருகி எடுக்கும் நட்டுக்கு மாறுங்கள் என்று பிரசாரம் செய்தார். இதற்காகவே ஒரு செய்தி மடலும் நடத்தினார். சில வருடங்களில் கங்ஸ் மாறிவிட்டது. போலீஸ் வரவில்லை, சட்டம் வரவில்லை. ஏறுகிறவர்களே ஏறுகிறவர்களைத் திருத்தினார்கள். என் உறுத்தல் தளர ஆரம்பித்தது இந்த இடத்தில்தான். இந்த மலையைக் காப்பது வேலி அல்ல. இதை உபயோகிக்கிறவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

ரொம்பவும் புகழ வேண்டாம். சுவர் நெடுகக் கை பட்ட இடமெல்லாம் விரல் வழுக்காமலிருக்கப் பூசும் சாக் பவுடர் வெள்ளையாக அப்பியிருக்கிறது. வழி தேட வேண்டிய அவசியமே இல்லாமல், வெள்ளையைத் தொடர்ந்தால் உச்சி வந்துவிடும். தடயம் விடக்கூடாது என்று பேசுகிறவர்களுக்கு இது மட்டும் கண்ணில் படுவதில்லை.

இறங்கும்போது பாறையில் பதித்த இரும்பு வளையங்களில் கயிறு கோத்து இறங்கினோம். ஆணியே கூடாது என்கிற மலையில் இது எப்படி? முன்பெல்லாம் விளிம்பில் நிற்கும் மரத்தில் கயிறு சுற்றி இறங்கினார்கள். பட்டை தேய்ந்து, வேர் மண் அரித்து, மரங்கள் பட்டுப்போயின. மரமா, பாறையில் ஒரு துளையா என்று யோசித்து, தேர்ந்த இடங்களில் மட்டும் பிரிசர்வே வளையம் பதித்திருக்கிறது. கொள்கையைவிட மரம் பெரிது என்று தோன்றியிருக்கிறது. நல்ல யோசனைதான்.

ஒப்பந்தத்தில் இன்னொரு தரப்பும் உண்டு. பெரிக்ரின் வல்லூறு. டிடிடி பூச்சிமருந்து முட்டை ஓட்டை மெலிதாக்கியதில், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடுகட்டும் ஜோடியே இல்லாமல் போயிற்று. 1972இல் டிடிடிக்குத் தடை வந்தது. ஆனால் பறவையை எங்கிருந்து கொண்டுவருவது? விடை கீழே நியூ பால்ட்ஸ் கல்லூரியில் இருந்தது. அங்கே உயிரியல் பேராசிரியராக இருந்த ஹைன்ஸ் மெங் 1971இல் பெரிக்ரினைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்யவைத்தார். 1974இல் அந்தக் கல்லூரிக் கோபுரத்திலிருந்தே குஞ்சுகளைப் பறக்கவிட்டார்கள். மலைச்சுவர்களுக்கு வல்லூறு கூடுகட்டத் திரும்ப 1990களின் கடைசி ஆயிற்று. இப்போது ஒவ்வொரு வசந்தத்திலும் கூடு இருக்கும் சுவர்ப்பகுதியை மூடிவிடுகிறார்கள், குஞ்சு பறக்கும்வரை அங்கே யாரும் ஏறுவதில்லை. ஏறிவிட்டு வந்து பெருமையடிக்கிற ஆளை இங்கே யாரும் கயிற்றில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள் தங்கை மகள்.

மத்தியானத்துக்கு மேல் பாண்டிகூ பாறைக்கு நடந்தோம். இதற்குக் கயிறு வேண்டாம், கையும் காலும் முழங்காலும் போதும். வீடளவு பாறைகள் சரிந்து கிடக்கும் மேட்டில் மஞ்சள் அடையாளத்தைப் பார்த்துத் தவழ்ந்து ஏறினால், மேலே வெள்ளை முதுகும், வடக்கே கேட்ஸ்கில் மலைகளும். பிட்ச் பைன் மரங்கள் ஒரு கைப்பிடி மண்ணில் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. நெருப்பு பட்டாலும் துளிர்க்கிற ஜாதி. கீழே ஓடைப் பள்ளத்தில் ஹெம்லாக் மரங்களுக்கு அந்த யோகம் இல்லை. ஜப்பானிலிருந்து வந்த ஒரு பூச்சி, ஊசி இலையின் அடியில் பஞ்சுப்பொட்டாக ஒட்டிக்கொண்டு உறிஞ்சியே சாகடிக்கிறது. செஸ்ட்நட் மரத்தின் கதை அதற்கும் முந்தியது. ஆசியப் பூஞ்சை கோடிக்கணக்கில் அழித்தது, வேரிலிருந்து இன்னமும் கன்று கிளம்பி, ஆள் உயரம் தாண்டி, மறுபடி நோய் கண்டு பட்டுப்போகிறது.

இதெல்லாம் பொத்தாம்பொதுவான புலம்பல் அல்ல, இங்கே கணக்கு இருக்கிறது. மோஹாங்க் ஏரிக்கரையில் 1896இலிருந்து ஒவ்வொரு நாளும் வெப்பமும் மழையும் குறித்துவருகிறார்கள். ஸ்மைலி குடும்பத்தின் டேனியல் ஸ்மைலி, முதல் தவளை கத்திய நாள், முதல் பூ மலர்ந்த நாள், வந்து இறங்கிய பறவை என்று ஆயுள் முழுக்க ஆயிரக்கணக்கான அட்டைகளில் எழுதிவைத்தார். விடுதிக்காரர் வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு என்று அன்றைக்குத் தோன்றியிருக்கும். பருவநிலை மாற்றத்தை ஆராய்கிறவர்கள் இன்று அந்த அட்டைகளைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். கொடுத்த கட்டணத்தில் கொஞ்சம் இந்த வேலைக்கும் போகிறது என்று தெரிந்தபோது டிக்கெட் அவ்வளவாகக் கனக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: வார நாளில் போங்கள். இலை நிறம் மாறும் அக்டோபர் சனி ஞாயிறில் காலையிலேயே வண்டி நிறுத்த இடம் தீர்ந்துவிடும். பழக்கமில்லாதவர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் கயிற்றைத் தொட வேண்டாம். கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு, அதை நாம் தொந்தரவு செய்யாவிட்டால் அது நம்மைச் செய்யாது. பயப்பட வேண்டியது உண்ணிக்கு. லைம் நோய் பரப்பும் மான் உண்ணி இலையுதிர் காலத்திலும் சுறுசுறுப்பாக இருக்கும். வெளிர் நிறக் காலுறை போட்டுக்கொண்டு பேண்ட்டை அதற்குள் செருகிவிடுங்கள், கறுப்பாக ஊர்ந்தால் தெரியும். என் காலுறையில் ஒன்று ஊர்ந்தது. தங்கை மகள் அதை டேப்பில் ஒட்டி மடித்துப் போட்டுவிட்டு, "அம்மாகிட்ட பாறையைப் பத்தி என்ன வேணா சொல்லுங்க பெரியம்மா, இதை மட்டும் சொல்லாதீங்க" என்றாள்.